அரிசி மூட்டைக்கு இறங்கத் தெரியாது

பஸ் வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைத் திறந்து பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். எங்கள் மிஸியம்மா அப்படிச் செய்யவில்லை. வெள்ளைச் சேலையோடு பஸ்ஸுக்குள் ஏறி, பலகையில் கால் நீட்டிப் படுத்துப் பார்த்தார்.

பிள்ளைகளே, போன வாரம் சாப்பிடும்போது சின்னவன் ஒரு பேச்சு எடுத்தானே, பழைய பஸ் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, பெண்டாட்டியோடு அதிலேயே குடியிருந்து தையல் தொழில் பார்க்கலாமென்று. நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை பரபரத்தது. நானும் உங்கள் அம்மாவும் கலியாணமான புதிதில் பஸ்ஸில்தான் குடியிருந்தோம். அந்தப் பஸ்ஸை எப்படித் தேடிப் பிடித்தோமென்று அன்றைக்குப் பாதிதான் சொன்னேன், அதற்குள் மழை வந்து எல்லாரும் துணி எடுக்க ஓடிவிட்டீர்கள். அதனால் எழுதியே தருகிறேன். நான் அஞ்சாம் வகுப்புத்தான். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

என் தொழில் கதை சுருக்கம். கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தேன். அப்பா பால் வெட்டினார். கோயிலோடு சேர்ந்த பள்ளிக்கூடத்தில் உபதேசியாரிடம் எழுத்துப் படித்தேன். மீசை வருமுன்னே தோட்டத்து லொறியில் கிளீனர் ஆனேன். கிளீனர் என்றால் லொறியைக் கழுவுகிறவன் மட்டுமில்லை. ஏற்றத்தில் லொறி முக்கும்போது கையில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். வண்டி பின்னுக்கு வந்தால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டும். அப்படி ஓடி ஓடி டிரைவரின் கையையும் காலையும் பார்த்து, நானும் ஒரு நாள் டிரைவர் ஆனேன். அவ்வளவுதான் என் படிப்பு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு நாள் மிஸியம்மா எங்கள் தோட்டத்துக்கு வந்தார். பெயர் எஸ்தர். பிரசவம் பார்க்கும் நர்ஸ். இந்தியாவில் படித்தவர். கலியாணம் செய்துகொள்ளவில்லை. தெற்கே றக்வானை மலைத் தோட்டங்களுக்கு மிஷன் அவரை அனுப்பியிருந்தது. அங்கே போகுமுன் தோட்டத்து நடைமுறை விசாரிக்கத்தான் எங்களிடம் வந்தார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கேள்வி மட்டும் கேட்பார். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. மழைக்குப் பிடித்ததைவிட அளக்கவும் தட்டவும் குத்தவும்தான் அது அதிகம் உதவியது.

"தாவீது, லயத்துல வெளியாள் ராத்தங்கலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

"தொரை விட மாட்டாருங்க மிஸியம்மா. செக்ரோல்ல, அதான் வேலையாள் பேர்ப் புத்தகத்துல, பேர் இல்லாதவங்க தங்கக்கூடாது."

"பங்களாவுல எனக்கு எடம் குடுப்பாங்களா?"

"அது எப்படிங்க?"

"அப்ப நான் டவுன்ல இருக்கேன். மலையில ஒரு பொம்பளைக்கு வலி எடுக்குது. ஆள் எறங்கி வந்து சொல்லி, நான் ஏறிப் போறதுக்குள்ள என்ன ஆகும்?"

என்ன ஆகுமென்று எனக்குத் தெரியும். என் அக்கா அப்படித்தான் போனாள்.

"றோட்டு யாருக்குச் சொந்தம்?"

"கவர்மெண்டுக்குங்க."

"அப்ப றோட்டு மேல ஒரு வீடு இருந்தா எந்தத் தொரை வந்து எழும்பச் சொல்ல முடியும்?"

இப்படித்தான் பஸ் வீடு பிறந்தது. மிஷனில் ஒரு பஸ்ஸுக்குச் சம்மதம் வாங்கிவிட்டார். ஒன்றுதான், ஒரே தடவைதான். வாங்கிய பஸ் மலை ஏறாவிட்டால் இன்னொன்று கேட்க வாயில்லை. பெரிய மழைக்கு முன்னே றக்வானையில் நிற்க வேண்டும். ஓட்ட நான், கைவேலைக்கு என் மனைவி றெபேக்காள், அதாவது உங்கள் அம்மா. ஆனால் லொறி வேலையை விட்டால் லயத்துக் காம்பரா என்ற ஒற்றை அறையையும் விட வேண்டும். அதுதான் அங்கே சட்டம். ஆகவே நாங்கள் தேடியது மிஸியம்மாவுக்கு வண்டி மட்டுமில்லை, எங்கள் தலைக்கும் கூரை.

கேகாலை பஜாரில் காசிம் நானா இருந்தார். ரம்புக்கனை ரயிலுக்கு ஆள் கொண்டுபோய்க் கொண்டுவரும் பஸ்கள் வைத்திருந்தார். அரிசிக் கடையும் அவருடையதுதான். பழசாகிப்போன மூன்று பஸ்கள் கடைக்குப் பின்னால் விலைக்கு நின்றன. அந்தக் காலத்து பஸ் என்றால், லொறி அடிச்சட்டத்தின் மேல் தச்சர் கட்டிய மரக்கூடு. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மழைக்குப் படங்குத் துணிதான்.

முதலாவது நீல பஸ். புதுப் பெயின்ட் மினுக்கியது.

"மாப்புள மாதிரி ஈக்குது, பாருங்க மிஸி," என்றார் காசிம் நானா.

மிஸியம்மா குடை நுனியால் ஒரு மரத்தூணைக் குத்தினார். நுனி விரலளவு உள்ளே போய்விட்டது. கறையான்.

"அது... வெயிலுக்கு மரம் கொஞ்சம் இளகும்," என்றார் நானா.

"மரமா நானா, வெண்ணெயா?"

நானாவே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "போவட்டும், மாப்புள சீக்காளி. அடுத்தத பாப்போம்."

இரண்டாவது சந்தன நிற பஸ். ஐயோ பிள்ளைகளே, என்ன நீளம்! றெபேக்காள் உள்ளே நிமிர்ந்து நின்றாள். கையைத் தூக்கினாலும் கூரை எட்டவில்லை. நல்ல தேக்குத் தூண்கள். மிஸியம்மா உள்ளே படுத்தார், எழுந்தார், குடையை முன்னும் பின்னுமாக வைத்து அளந்தார். பிரசவக் கட்டில் ஒன்று, அவருக்கு ஒன்று, தடுப்புக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒன்று, மூன்றும் அடங்கியது. றெபேக்காள் பின்பக்கம் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, "அடுப்பு இங்க, அம்மி இங்க," என்று குடித்தனமே நடத்தத் தொடங்கிவிட்டாள். எனக்கும் நெஞ்சு துள்ளியது. சொந்தக் காம்பரா! அதுவும் ஓடுகிற காம்பரா!

மூன்றாவதை யாரும் சரியாகப் பார்க்கவேயில்லை. கட்டைக் குட்டை. கூரை தாழ்ந்து முதுகு கூனிய மாதிரி இருந்தது. கரையோரத்தில் கருவாடு ஏற்றிய வண்டி. பக்கத்தில் போனதும் றெபேக்காள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கூரையில் பூனை ஒன்று படுத்திருந்தது.

"சந்தனந்தான் மிஸியம்மா," என்றேன் நான்.

"மலை ஏறுமா?"

"ஏறுமாவா?" காசிம் நானாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "இப்பவே ஏத்திக் காட்டுறன். பஜார்ல ஈக்கிற ஆள ஏத்துங்க! சும்மா! ஓசி!"

ஓசி என்றால் கேட்க வேண்டுமா? சந்தைக்கு வந்தவர்கள், சிங்களவர் தமிழர் எல்லாரும் ஏறிப் பஸ் பிதுங்கியது. நான்தான் ஓட்டுவேனென்று நினைத்தேன். நானா தன் டிரைவரையே வைத்தார். டவுனுக்கு வெளியே ஒரு தோட்டத்து ஏற்றம், நடுவில் ஊசி மாதிரி ஒரு திருப்பம். அங்குள்ளவர்கள் சிங்களத்தில் வங்குவ என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்வோம்.

பஸ் உறுமிக்கொண்டு ஏறியது, வங்குவயில் வளைந்தது, உச்சிக்குப் போய் நின்றது. பின்னாலேயே ஓடி வந்த நான், "ஏறிருச்சுங்க மிஸியம்மா! ஏறிருச்சு!" என்று கத்தினேன்.

மிஸியம்மா பஸ்ஸுக்குள் தனியே உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் காலி வாங்குப் பலகைகள்.

"தாவீது, நீ ஏன் வெளிய நிக்கிற?"

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். மரக்கட்டை இருந்தது. எப்போது இறங்கினேன், எப்போது கட்டையை எடுத்தேன் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால், ஏறின சனமெல்லாம் றோட்டில் நடந்து வந்துகொண்டிருக்கிறது. றெபேக்காள்கூட! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பஸ்ஸைத் தள்ளியிருக்கிறாள்.

ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் மாறினால் சனம் இறங்கிவிடும். அதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். யாரும் சொல்ல வேண்டியதில்லை. கால் தானாகவே இறங்கும்.

"ஏறுனது பஸ்ஸா, நாமளா?" என்று கேட்டார் மிஸியம்மா.

சரியென்று மறுபடி கீழே வந்தோம். இந்த முறை நானா வாசலில் நின்று சிங்களத்திலும் தமிழிலும் கட்டளை போட்டார். "ஒருத்தரும் எறங்கக்கூடாது! வண்டி அழுதாலும் எறங்கக்கூடாது!" எல்லாரும் தலையாட்டினார்கள். ஏற்றம் வந்தது, எஞ்சின் முக்கியது. முன்வாங்கில் இருந்த ஒரு கிழவர் இரண்டு பக்கமும் பார்த்தார். மெதுவாக எழுந்தார். குதித்தார். அவ்வளவுதான், கொட்டின பயறு மாதிரி எல்லாரும் குதித்துவிட்டார்கள். நான் வாங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், ஆனால் ஒரு கால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன தாத்தா, சொன்னோமே?" என்று மிஸியம்மா கேட்டார்.

"வண்டி அவ்ளோ கஷ்டப்படயில மேல உக்காந்திருக்கப் பாவமா இருக்கு தாயி."

மிஸியம்மாவால் கோபிக்க முடியவில்லை. குடைப்பிடியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தாவீது, கட்டில் எறங்குமா?"

"இல்லீங்க."

"மருந்துப் பெட்டி? தண்ணி டிரம்மு? கட்டில்ல கெடக்கிற பிள்ளத்தாச்சி?"

இத்தனை வருசம் ஏற்றத்தில் ஓடியிருக்கிறேனே, இது எனக்குத் தோன்றவில்லையே! சனம் ஏற்றுகிற வண்டிக்கு ஏற்றத்தில் பாரம் குறையும். வீட்டுக்குக் குறையாது.

காசிம் நானாவுக்கும் அது பிடித்துவிட்டது. விற்க வந்த மனுசன், இப்போது அவருக்கே பதில் தெரிய வேண்டியிருந்தது. "என்ட அரிசிய ஏத்துங்க! அரிசி மூட்டைக்கு எறங்கத் தெரியாது!"

கடையாட்கள் மூட்டைகளை அடுக்கினார்கள். இந்த முறை ஸ்டியரிங் என் கையில். சந்தன பஸ் ஏற்றத்தில் பாதிகூடப் போகவில்லை. வங்குவயில் மூக்கு திரும்பியது, பின்பக்கம் திரும்பவில்லை. அவ்வளவு நீளம். ஒடித்துப் பின்னுக்கு எடுக்கப் பார்த்தேன், எஞ்சின் மூச்சு நின்றது. பிரேக்கை மிதித்தும் பஸ் மெதுவாகப் பள்ளத்துப் பக்கம் நழுவியது. நானாவின் கிளீனர் கட்டையைச் சொருகினான், நின்றது. ரேடியேட்டரிலிருந்து கஞ்சிப் பானை மாதிரி ஆவி. றெபேக்காள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் அடுப்பு வைத்த மூலை அந்த பஸ்ஸில்தானே இருந்தது.

"அடுத்ததுலயும் அதே மூட்டை," என்றார் மிஸியம்மா.

கருவாட்டு பஸ். முதல் கியரில் போட்டு விட்டேன். ஓட்டமில்லை, வேகமில்லை, கரும்பு வண்டியை இழுக்கிற கிழட்டு மாடு மாதிரி ஒரே நடை. வங்குவயில் ஒரே வளைப்பு. எஞ்சின் சத்தம் மாறவேயில்லை. என் கால்கள் இறங்குவதற்குத் துடித்தன, ஓட்டுகிறவன் எங்கே இறங்குவது? உச்சிக்கு வந்து ஆரனை அடித்தேன் பாருங்கள், கீழே பஜார் வரைக்கும் கேட்டிருக்கும். சனம் கைதட்டிக்கொண்டு ஏறி வந்தது. கூரையிலிருந்த பூனை இன்னும் அங்கேயே இருந்தது.

றெபேக்காள் மட்டும் சொன்னாள். "மிஸியம்மா, நிமிர்ந்து நிக்க முடியாதே. நாத்தம் வேற."

"கூரைய ஒசத்தலாமா?" என்று மிஸியம்மா என்னிடம் கேட்டார்.

"ஒசத்தலாங்க."

"நாத்தத்தக் கழுவலாமா?"

"பாக்கலாங்க."

"வண்டியோட மூச்ச ஒசத்த முடியுமா?"

அதோடு பேச்சு முடிந்தது. சின்னவனே, நீ பஸ் பார்க்கப் போனால் இந்த மூன்று கேள்வியையும் கேள். வாங்கிய பிறகு மாற்றக்கூடியதைப் பார்த்து மயங்காதே.

பியதாச பாஸ் என்று ஒரு தச்சர் தூண்களுக்கு ஒட்டுப் போட்டுக் கூரையைத் தூக்கினார். மிஸியம்மாவின் குடைதான் அளவுகோல். கட்டில் எவ்வளவு நீளமென்று பாஸ் கேட்டால், குடையைக் காட்டி "இதுவும், இன்னும் அரையும்" என்பார். அடுப்பைப் பின்படிக்குப் பக்கத்தில் தகரம் அடித்து வைத்தோம். முன்னால் எனக்கும் உள்ளே அவருக்கும் நடுவே பலகைத் தடுப்பு. அதில் அவர் குடையால் தட்டுவார், ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. சாம்பல், தேசிக்காய், வேப்பிலை எல்லாம் போட்டுக் கழுவினோம். கருவாட்டு மணம் போகவேயில்லை. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் வரவேற்க வந்தது பூனைகள்தான்.

பெரிய மழைக்கு முன்னே றக்வானைக்குப் போய்விட்டோம். கவர்மெண்ட் றோட்டோரம் வீட்டை நிறுத்தினோம். ஒரு தோட்டத்துத் தொரை குதிரையில் வந்து பார்த்தார், றோட்டைப் பார்த்தார், போய்விட்டார். மிஸியம்மா அன்றைக்கு எங்களுக்கு ரவை லட்டு செய்து தந்தார்.

இப்போது செல்லாயி கதைக்கு வருகிறேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பகல். பள்ளத்துத் தோட்டத்தில் செல்லாயி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்து நெடுநேரமாகியும் பிள்ளை வரவில்லை. மிஸியம்மா லயத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆஸ்பத்திரி," என்று மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். முன்னெல்லாம் கம்பளியில் தொட்டில் கட்டி ஆள் மாற்றித் தூக்கிப் போவார்கள். அப்படிப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பியதில்லை.

செல்லாயியைக் கட்டிலில் கிடத்தினோம். அவள் புருசன் முத்துசாமி, அவன் அம்மா, பக்கத்துக் காம்பராக்காரர்கள் என்று பின்படி வரை சனம் ஏறிக்கொண்டது. ஏற்றம் தொடங்கியதும் எஞ்சின் முக்கியது. நான் கண்ணாடியில் பார்க்கிறேன், ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் மழையில் குதிக்கிறார்கள். முத்துசாமியும் குதித்தான். அவன் அம்மாவும் குதித்தாள். பாவம், அவர்களுக்குத் தெரிந்த உதவி அதுதான்.

இந்த மலையிலும் ஒரு வங்குவ உண்டு, அதை நெருங்கும்போது தடுப்பில் ஒரு தட்டு.

நில்! ஏற்றத்தில், மழையில், நிற்கவே கூடாத இடத்தில்! ஆனால் மிஸியம்மா சும்மா தட்டமாட்டார். நிறுத்தினேன். நான் சொல்லுமுன்னே றெபேக்காள் கட்டையோடு குதித்துப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டாள்.

"குலுக்கல் வேணாம். எஞ்சினையும் நிப்பாட்டு," என்று உள்ளேயிருந்து குரல்.

நிப்பாட்டினேன். மழைச்சத்தம் மட்டும். அப்புறம் செல்லாயி ஒரு கத்துக் கத்தினாள். அதற்குப் பின்னால் இன்னொரு குரல், சின்னதாக, கோபமாக. பிள்ளை! நான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, "ஆண்டவரே" என்றேன்.

சந்தோசப்பட நேரமில்லை. "ரத்தம் நிக்கல, தாவீது," என்றார். முதல் தடவையாக அவர் குரல் நடுங்கியது. உடனே இரண்டு தட்டு.

இறங்கி முன்னால் ஓடி ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன். பிடிக்கவில்லை. மறுபடி சுற்றினேன். பிடித்தது. ஏறி உட்கார்ந்து, முதல் கியர் போட்டு, கிளச்சை மயிலிறகு மாதிரி விட்டேன். இப்படி நடு ஏற்றத்தில், நின்ற இடத்திலிருந்து, முழுப் பாரத்தோடு கிளம்ப வேண்டும். கட்டில், மருந்துப் பெட்டி, தண்ணி டிரம், அடுப்பு, தாய், பிள்ளை. ஒன்றும் இறங்காது. காசிம் நானாவின் அரிசி மூட்டைகள்தான் என் கண்ணுக்கு முன்னால் நின்றன.

அதற்குள் முத்துசாமியும் மற்றவர்களும் சேற்றில் ஓடி வந்து, தள்ளுவதற்குக் கையை நீட்டிவிட்டார்கள்.

கை வைத்த இடத்தில் பஸ் இல்லை. போய்விட்டது! றெபேக்காள் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பின்படியில் தொற்றினாள். வங்குவயில் ஒரே வளைப்பு. உச்சி. பிறகு அந்தப் பக்கத்து இறக்கம், ஆஸ்பத்திரி வாசல் வரை நான் ஆரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

முத்துசாமி குறுக்குப் பாதையால் ஓடி வந்து சேர்ந்தபோது தலையிலிருந்து கால்வரை சேறு.

"மிஸியம்மா, உசுரு...?"

"ரெண்டும் இருக்கு. பொம்பளப் புள்ள."

அவன் ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுது முடித்து, சேற்றுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான். "நாங்க தள்ளுனதுலதான ஏறுச்சு, டைவரண்ணே?"

நான் வாயைத் திறந்தேன். மிஸியம்மா குடையால் என் காலை மெல்லத் தட்டினார். ஒரு தட்டு.

"ஆமா முத்துசாமி," என்றேன்.

செல்லாயி தேறினதும் நாங்கள்தான் அவளைப் பள்ளத்துக்குத் திரும்பக் கூட்டிப் போனோம். மழை விட்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்தும் ஏற்றம் உண்டு. செல்லாயி மடியில் பிள்ளையோடு கட்டிலில் இருந்தாள், மாமியார் பக்கத்தில், முத்துசாமி படியோரம். எஞ்சின் சத்தம் கனத்தது. பழக்கதோசம், மாமியார் எழுந்துவிட்டாள். முத்துசாமியின் ஒரு கால் வெளியே போய்விட்டது.

செல்லாயி மாமியாரின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க அத்தே. நான் எறங்காமத்தான ஏறுனேன்."

கிழவி உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முத்துசாமி காலை உள்ளே எடுத்தான். பஸ் அதன் பாட்டுக்கு நடந்தது. உச்சியில் நிறுத்தி நான் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இறங்கியிருக்கவில்லை.

கிழவி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"வந்திருச்சா?" என்றாள். "நம்மள வச்சிக்கிட்டேவா வந்திருச்சு?"